இக்போ ஊர்ப்பெயர்களை இணைய வரைபடத்தில் பதிவு செய்வது எப்படி?

நைஜீரியாவின் தென்கிழக்கே வாழும் இக்போ மக்களின் ஊர்ப்பெயர்கள் பல, ஆங்கிலேயர் ஆட்சிக்காலத்தில் எழுதிவைக்கப்பட்ட வடிவத்திலேயே இன்றும் வரைபடங்களில் நிற்கின்றன. ஊரார் 'ஒனிச்சா' என்பது அங்கே 'ஒனிட்ஷா' ஆகிவிட்டது. 'எனு உக்வு', அதாவது மலையுச்சி, 'எனுகு' என்று சுருங்கியதில் மலையே கண்ணுக்கு மறைந்துவிட்டது. 'உமு' என்று தொடங்கும் பெயரோ, அவ்வூரார் எந்த முன்னோரின் மக்கள் என்பதையே சொல்லிவிடும். இத்தகைய பெயர்களை ஒலியோடும் பொருளோடும் பதிவதற்கு ஒரு கைபேசியும் ஒரு கணினியும் போதும்.

முதலில் ஓர் ஊரின் சந்தையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இக்போ வாரத்துக்கு எக்கே, ஓரியே, அஃபோ, ங்குவோ என நான்கே நாள்கள். சந்தை எந்த நாளில் கூடுமோ அந்த நாளின் பெயரையே பெரும்பாலும் தாங்கியிருக்கும். நெவி ஊரின் 'ங்குவோ நெவி' அப்படிப்பட்டதுதான். ஆகவே சந்தைகளைக் குறித்தாலே ஒரு பழைய நாள்காட்டி வரைபடத்தில் ஏறிவிடுகிறது.

அடுத்து, ஊர்ப் பெரியவர்களிடம் அனுமதி பெற்று, அவர்கள் குரலிலேயே பெயரை மும்முறை சொல்லச் செய்து ஒலிப்பதிவு செய்யுங்கள். இந்தப் படியை ஒருபோதும் தவிர்க்க வேண்டாம். 'அக்வா' என்னும் ஒரே சொல், குரல் ஏறி இறங்கும் விதத்துக்கேற்ப அழுகை, துணி, முட்டை, கட்டில் என வெவ்வேறு பொருள் தரும். வழக்கமான எழுத்தில் அந்த ஏற்ற இறக்கம் குறிக்கப்படுவதில்லை. வழிபாட்டுக்குரிய காடுகளின் இருப்பிடத்தை வெளியிட வேண்டாம் என்று அவர்கள் சொன்னால், அதை எந்த வரைபடத்திலும் ஏற்றாதீர்கள்.

பிறகு, பெயர், பொருள், அட்சரேகை, தீர்க்கரேகை, இணையத்தில் ஏற்றிய ஒலிக்கோப்பின் முகவரி ஆகியவற்றை ஓர் அட்டவணையில் தட்டச்சு செய்யுங்கள். 1961-இல் ஏற்கப்பட்ட இக்போ எழுத்துமுறையில் சில உயிரெழுத்துகளின் கீழ் புள்ளி உண்டு. புள்ளி விட்டுப்போனால் அது வேறொரு உயிரெழுத்து. கைபேசியில் இக்போ விசைப்பலகையைச் சேர்த்துக்கொண்டு, கோப்பை, எல்லா மொழி எழுத்துகளையும் ஏற்கும் யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் சேமியுங்கள். இல்லையெனில் புள்ளியிட்ட எழுத்துகள் கேள்விக்குறிகளாக மாறிவிடக்கூடும்.

இனி, யாரும் திருத்தக்கூடிய இலவச இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் கணக்குத் தொடங்கி, சந்தை இருக்கும் இடத்தைத் தேர்ந்தெடுத்து, ஏற்கெனவே உள்ள பெயரை அழிக்காமல், பன்மொழிப் பெயர்களுக்கான பகுதியில் இக்போவைச் சேர்த்து எழுதுங்கள். கதையும் ஒலியும் அங்கே பொருந்தாது; அவற்றுக்கு யூமேப் என்னும் இலவசத் தளத்தில் தனி வரைபடம் உருவாக்கி, அட்டவணையை இறக்குமதி செய்தால், ஒவ்வொரு வரியும் ஒரு குறியாக விழும். குறியைத் தொட்டதும் பொருளும் ஒலிக்கான இணைப்பும் தெரியுமாறு அமைத்த பின், பெயர் சொன்ன பெரியவரிடமே கைபேசியை நீட்டிக் கேட்கச் செய்து, அவர் சுட்டும் பிழைகளை அங்கேயே திருத்திவிடுங்கள்.