மலையகத்திலிருந்து கணிதம் படிக்கப் போகிறவர்களுக்கு: விண்ணப்பத்திலிருந்து முதல் தவணை வரை

ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கங்களில் உயர்தரத்தில் இணைந்த கணிதம் படித்து, பிரிட்டனில் கேம்பிரிட்ஜ், ஒக்ஸ்போர்ட், இம்பீரியல், வாரிக் போன்ற இடங்களில் கணிதம் படிக்க எண்ணுகிறவர்களுக்கும், அண்மையில் வந்து இறங்கியவர்களுக்கும் எழுதுவது இது. இணைந்த கணிதத்தில் ஏ எடுப்பது பெரிய காரியம்தான். ஆனால் அந்த ஏ வந்த பிறகு விண்ணப்பத்தைப் பற்றி யோசிக்கத் தொடங்கினால் அந்த வருடம் கைவிட்டுப் போய்விடும். பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான்.

காலக் கணக்கு

பிரிட்டனில் எல்லாப் பல்கலைக்கழகங்களுக்கும் யூகாஸ் என்ற ஒரே இணைய விண்ணப்பம். அதில் ஐந்து இடங்களைத் தெரியலாம். கேம்பிரிட்ஜ், ஒக்ஸ்போர்ட் இரண்டில் ஒன்றை மட்டுமே அந்த வருடம் போடலாம். இந்த இரண்டுக்கும் முடிவு நாள் ஒக்டோபர் 15, பிரிட்டன் நேரம் மாலை 6 மணி. நம் நேரப்படி இரவு 10.30. அன்றிரவு மழை பெய்து சிக்னல் போய்விட்டது என்றால் கேட்க ஆளில்லை, ஆகவே ஒரு வாரம் முன்னதாகவே அனுப்பிவிடுங்கள். மற்றப் பல்கலைக்கழகங்களுக்கு ஜனவரி வரை நாள் உண்டு. கட்டணத்தை அட்டையில் கட்ட வேண்டும். உள்ளூர் வங்கி டெபிட் கார்ட்டில் வெளிநாட்டு இணையக் கொடுப்பனவு பெரும்பாலும் பூட்டியே இருக்கும். வங்கிக்குப் போய் அதை முதலிலேயே திறந்து வையுங்கள்.

2024 உயர்தரப் பரீட்சை நவம்பர் கடைசியில் தொடங்கி, பெறுபேறு 2025 ஏப்ரலில்தான் வந்தது. ஒக்டோபரில் விண்ணப்பிக்கும்போது கையில் பெறுபேறு இருக்காது என்பது இதிலிருந்தே தெரியும். அந்த இடத்தில் ஆசிரியர் தரும் எதிர்பார்ப்புத் தரம்தான் பேசும். நம் பாடசாலைகளில் அப்படியொரு வழக்கமே கிடையாது. ஆகவே அதிபரிடமும் கணித ஆசிரியரிடமும் ஜூன் மாதமே போய் விளக்க வேண்டும். அவர்கள் எழுதும் பரிந்துரை ஆங்கிலத்தில் இருக்க வேண்டும். நற்சான்றிதழ் பாணியில் "ஒழுக்கமானவர், பணிவானவர், மாணவத் தலைவர்" என்று எழுதினால் பயனில்லை. வகுப்பில் எத்தனையாவது, எந்த வகைக் கணக்கில் தனித்துத் தெரிந்தார், பாடசாலையில் கணிதப் பிரிவு எப்போது தொடங்கியது, ஆசிரியர் இல்லாமல் எத்தனை தவணை போனது என்பவை எழுதப்பட வேண்டும். கடைசி விடயத்தைச் சொல்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. எந்தச் சூழலில் படித்து இந்த இடத்துக்கு வந்தீர்கள் என்பதை அவர்கள் கணக்கில் எடுக்கிறார்கள்.

இன்னொரு சிக்கலும் உண்டு. எங்கள் அரசாங்க உயர்தரத்தை ஒவ்வொரு பல்கலைக்கழகமும் ஒவ்வொரு விதமாகப் பார்க்கிறது. சில இடங்களில் மூன்று ஏ போதும், சில இடங்களில் லண்டன் ஏ லெவலில் மேற்கணிதம் கேட்பார்கள். பல்கலைக்கழக இணையத்தளத்தில் நாடுவாரிப் பட்டியலில் இலங்கை என்ற இடத்தைப் பாருங்கள். தெளிவில்லை என்றால் அனுமதிப் பிரிவுக்கு மின்னஞ்சல் எழுதிப் பதிலைச் சேமித்து வையுங்கள். இசட் புள்ளி அங்கே யாருக்கும் பொருட்டல்ல, பாடவாரித் தரம்தான் கணக்கு.

கேட்கும் கணக்கு வேறு

இணைந்த கணிதம் உங்களுக்குத் தந்திருக்கும் பலத்தை முதலில் சொல்ல வேண்டும். கல்குலேட்டர் இல்லாமல் மூன்று மணி நேரம் எழுதிப் பழகியிருக்கிறீர்கள். பிரிட்டன் பிள்ளைகள் கல்குலேட்டரோடு வளர்ந்தவர்கள். உராய்வு, மூட்டிய கோல்கள், சட்டப்படல், எளிமை இசை இயக்கம் என்று நிலையியலும் இயக்கவியலும் நீங்கள் செய்த அளவுக்கு அவர்களில் பலர் செய்திருக்க மாட்டார்கள். கேம்பிரிட்ஜ் கேட்கும் ஸ்டெப் என்ற கணித நுழைவுப் பரீட்சையில் இது நேரடியாகக் கைகொடுக்கும்.

ஸ்டெப் 2, ஸ்டெப் 3 என்று இரண்டு தாள்கள், ஒவ்வொன்றும் மூன்று மணி நேரம், ஜூனில் நடக்கும். ஒரு தாளில் 12 கேள்விகள்: எட்டு தூய கணிதம், இரண்டு பொறிமுறை, இரண்டு நிகழ்தகவும் புள்ளிவிபரமும். ஒவ்வொன்றுக்கும் 20 புள்ளி, சிறந்த ஆறு விடைகள் மட்டும் எண்ணப்படும். கேம்பிரிட்ஜ் வழக்கமாக இரண்டிலும் முதலாம் தரம் கேட்கும். எங்கள் இணைந்த கணித வினாத்தாளின் பகுதி ஆ போலவே ஒரு கேள்விக்கு அரை மணி நேரம்தான். ஆனால் எங்கள் வினாத்தாளில் எட்டாவது கேள்வி என்றால் எந்தப் பாடம் என்று முன்கூட்டியே தெரியும், ஸ்டெப்பில் எந்த முறை வேண்டும் என்பதை நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும். பத்துக் கேள்விகளைத் தொட்டுத் தொட்டு விடுவது இங்கே ஆபத்து. நான்கைக் கடைசி வரி வரை முடித்தால் 80 புள்ளி. பல வருடங்களில் முதலாம் தரத்துக்கு அது போதுமாக இருந்திருக்கிறது. ஸ்டெப் 3-இல் அதிபரவளைவுச் சார்புகள், முனைவு ஆள்கூறுகள், இரண்டாம் வரிசை வகையீட்டுச் சமன்பாடுகள் வரும். இவை இணைந்த கணிதத்துக்கு வெளியே உள்ளவை. ஆறு மாதம் ஒதுக்கித் தனியாகப் படியுங்கள். கேம்பிரிட்ஜ் நடத்தும் ஸ்டெப் ஆதரவுத் திட்டம் இணையத்தில் இலவசம். டியூஷனுக்குச் செலவழிக்கும் முன் அதை முடியுங்கள். தனி ஆளாகப் பதிய முடியாது, பரீட்சை நிலையம் ஒன்றின் வழியாகத்தான் பதிய வேண்டும். ஆகவே ஜனவரியிலேயே கொழும்பில் எந்த நிலையம் எடுக்கிறது என்று விசாரியுங்கள்.

இம்பீரியல் போன்ற இடங்கள் கேட்பது டிஎம்யூஏ என்ற இன்னொரு கணித நுழைவுப் பரீட்சை. இரண்டு தாள், ஒவ்வொன்றிலும் 20 பல்தேர்வு வினா, 75 நிமிடம், கணினியில். முதல் தாள் உங்களுக்குச் சிரமமாக இராது. விழுத்துவது இரண்டாவது, தர்க்கத் தாள். ஒரு சின்ன உதாரணம் பாருங்கள். ஓர் எண்ணுடன் 2-ஐக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் அதே எண் வர வேண்டும். இரண்டு பக்கமும் வர்க்கித்தால் இருபடிச் சமன்பாடு கிடைக்கும், தீர்வுகள் 2, மறை 1. மறை 1-ஐத் திருப்பிப் போட்டுப் பாருங்கள்: இடப்பக்கம் 1, வலப்பக்கம் மறை 1. பொருந்தாது. வகுப்பில் "பொருந்தாது, தள்ளுக" என்று எழுதி நகர்ந்துவிடுவோம். இந்தத் தாளில் கேட்பது, எந்த வரியில் தவறான விடை உள்ளே வந்தது என்பதைத்தான். வர்க்கிக்கும் வரியில் முதல் கூற்றிலிருந்து இரண்டாவது பிறக்கும், ஆனால் மறுதலை உண்மையல்ல. ஒவ்வொரு வரிக்கும் இடையில் அம்பு ஒரு பக்கமா இரு பக்கமா என்று கேட்டுப் பழகுங்கள். தேவையான நிபந்தனை, போதுமான நிபந்தனை என்ற இரண்டும் கண்ணை மூடினாலும் குழம்பாத அளவுக்குப் பதிய வேண்டும்.

எந்தப் பல்கலைக்கழகம் எந்தப் பரீட்சை கேட்கிறது என்பது வருடத்துக்கு வருடம் மாறுகிறது. அண்ணன் காலத்துத் தகவலை நம்பிப் பதிய வேண்டாம், அந்த வருடப் பக்கத்தைப் பாருங்கள். ஒக்ஸ்போர்ட் நெடுங்காலம் நடத்திய மேட் என்ற கணித நுழைவுப் பரீட்சையின் பழைய தாள்கள் 2007 முதல் விடைகளோடு இலவசமாகக் கிடைக்கின்றன. எந்த இடத்துக்கு விண்ணப்பித்தாலும் அவை நல்ல பயிற்சி.

நேர்முகம் இணையவழி, பெரும்பாலும் டிசம்பரில். 1 முதல் 100 வரையுள்ள எண்களைப் பெருக்கினால் கடைசியில் எத்தனை பூச்சியம் வரும் என்பது போன்ற கேள்வியோடு தொடங்கலாம். 24 என்று சொல்லிவிட்டு மௌனமாக இருந்தால் எதுவும் நடக்காது. பூச்சியம் என்றால் 10 என்ற காரணி, அதற்கு 2-உம் 5-உம் வேண்டும், 2 தாராளமாக உண்டு, ஆகவே 5-ஐ எண்ணினால் போதும், 5-இன் மடங்கு 20, அவற்றில் 25-இன் மடங்கு நான்கில் இன்னொரு 5 உண்டு என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். அடுத்து, இதே எண்ணை ஆறின் அடியில் எழுதினால் கடைசியில் எத்தனை பூச்சியம் என்பார்கள். அங்கே குறைவாக இருப்பது 3. 3, 9, 27, 81 ஆகியவற்றின் மடங்குகளை எண்ணி 33, 11, 3, 1 என்று கூட்டினால் 48. தவறிவிட்டால் "இந்த இடத்தில் பிழை" என்று நீங்களே சொல்லித் திருத்துவது நல்லது. பெரியவர் முன் எதிர்த்துப் பேசாமல் இருக்கும் நம் பழக்கத்தை இந்த அரை மணி நேரம் மட்டும் தள்ளி வையுங்கள்.

தமிழில் படித்த கணிதம்

காவி வெக்டர், தாயம் மேட்ரிக்ஸ், கணத்தாக்கு இம்பல்ஸ் என்று பெயர்ச்சொற்களை இரண்டு வாரத்தில் மாற்றிவிடலாம். ஒரு கொப்பியில் இரண்டு நிரலாக எழுதிக்கொள்ளுங்கள். அதைவிடக் கவனிக்க வேண்டியவை கேள்வியில் வரும் ஏவற்சொற்கள். "ஹென்ஸ்" என்று வந்தால் முந்தைய பகுதியில் கண்டதைக் கட்டாயம் பயன்படுத்த வேண்டும். வேறு வழியில் சரியான விடை எடுத்தாலும் புள்ளி கிடைக்காமல் போகலாம். "ஹென்ஸ் ஓர் அதர்வைஸ்" என்றால் எந்த வழியும் சரி, ஆனால் முந்தைய பகுதியே குறுக்குவழி. "ஷோ தட்" என்றால் விடையை அவர்களே தந்துவிட்டார்கள், ஆகவே ஒரு படியையும் தாண்டக்கூடாது. "ஸ்டேட்" என்றால் நிறுவத் தேவையில்லை. "ஸ்கெச்" என்றால் வரைபுத்தாள் எடுத்துப் புள்ளி குறிப்பதல்ல. வடிவம், அச்சுகளை வெட்டும் இடங்கள், திரும்பற் புள்ளிகள், அணுகுகோடுகள் தெரிந்தால் போதும்.

ஆங்கிலத் தேர்ச்சிப் பரீட்சையான ஐஈஎல்டிஎஸ்ஸில் கேம்பிரிட்ஜ் கேட்பது மொத்தம் 7.5, எந்தப் பிரிவிலும் 7-க்குக் குறையாமல். தமிழ்மொழி மூலம் படித்தவர்களுக்கு எழுத்துப் பிரிவுதான் இழுத்தடிக்கும். பெறுபேறு இரண்டு வருடம் செல்லும், ஆகவே முன்கூட்டியே எழுதுவதில் நட்டமில்லை.

பெயரும் பத்திரங்களும்

தோட்டத்தில் பிறந்த பலருக்குப் பிறப்புச் சான்றிதழ் சிங்களத்தில் இருக்கும். அதில் ஒரு எழுத்து, அடையாள அட்டையில் ஒரு எழுத்து, உயர்தரச் சான்றிதழில் முதலெழுத்து மட்டும். கடவுச்சீட்டு எடுக்கும் முன் இவற்றை ஒன்றாக்குங்கள். திருத்த முடியாததற்குச் சத்தியக்கடதாசி எடுத்து, சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் ஆங்கிலப் பிரதி செய்துகொள்ளுங்கள். இதற்கு மாதக் கணக்கில் ஆகும், பெறுபேறு வரும்வரை காத்திராதீர்கள். ஆங்கிலப் பெறுபேற்றுச் சான்றிதழைப் பரீட்சைத் திணைக்களத்தில் எடுக்கலாம். விசாவுக்குக் காசநோய்ப் பரிசோதனையும் வேண்டும், அது கொழும்பில்.

காசு

இதை மறைத்துப் பேசக்கூடாது. பிரிட்டனில் வெளிநாட்டு மாணவர் கட்டணம் தோட்டச் சம்பளத்தில் எண்ணிப் பார்க்கவே முடியாத தொகை. முழுப் புலமைப்பரிசில்கள் மிகக் குறைவு. மாணவர் விசாவில் தவணைக் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம் வேலை செய்யலாம் என்பதை வைத்துக் கட்டணம் கட்டலாம் என்று யாராவது முகவர் சொன்னால் நம்ப வேண்டாம். குடும்பத்தோடு பிரிட்டனுக்கு வந்தவர்கள் உள்நாட்டுக் கட்டணத்துக்குத் தகுதி பெற, பொதுவாக நிரந்தர வதிவிட உரிமையும், படிப்பு தொடங்கும் முன் மூன்று வருட வதிவும் வேண்டும். வேலை விசாவில் வந்த பெற்றோரின் பிள்ளைக்கு அது தானாகக் கிடைக்காது.

வசதி இல்லாத குடும்பத்துப் பிள்ளைக்கு அமெரிக்க வழி பல வேளைகளில் நியாயமானது. எம்ஐடி, ஹார்வர்ட், பிரின்ஸ்டன், யேல் ஆகியவை வெளிநாட்டு மாணவரையும் வசதி பார்க்காமல் தெரிந்து, தேவையான உதவி முழுவதையும் தருகின்றன. உலகம் முழுவதிலிருந்தும் எடுப்பது மிகச் சிலரைத்தான், ஆனால் இடம் கிடைத்தால் காசால் தடை வராது. வருமானத்துக்கு ஆதாரமாகத் தோட்டச் சம்பளச் சீட்டுகளையும் ஊழியர் சேமலாப நிதிக் கணக்கையும் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வையுங்கள்.

எதுவானாலும் உள்ளூர்ப் பல்கலைக்கழக விண்ணப்பத்தை விட்டுவிடாதீர்கள். நுவரெலியாவும் பதுளையும் கல்வியில் பின்தங்கிய மாவட்டப் பட்டியலில் உள்ளவை, ஒதுக்கீடு உதவும். பேராதனையிலோ கொழும்பிலோ இலவசமாகக் கணிதச் சிறப்புப் பட்டம் முடித்துவிட்டு, கேம்பிரிட்ஜின் ஒரு வருட முதுநிலைப் படிப்பான பார்ட் த்ரீக்கு விண்ணப்பிப்பது இரண்டாந்தர வழி அல்ல. பட்டப்பின் படிப்புக்குப் புலமைப்பரிசில்களும் கூடுதல்.

வந்து சேர்ந்த பின்

நுவரெலியாக் குளிர் பழகியவர்களுக்குக் குளிர் பெரிதல்ல. டிசம்பரில் நாலு மணிக்கே இருட்டுவதுதான் மனதை அமுக்கும். வந்த முதல் வாரமே குடும்ப மருத்துவரிடம் பதியுங்கள். விசாவோடு கட்டிய சுகாதாரக் கட்டணம் இதற்குத்தான்.

கேம்பிரிட்ஜ் தவணை எட்டு வாரம். முதல் தவணையில் நான்கு பாடங்கள், ஒவ்வொன்றுக்கும் 24 விரிவுரை, சனிக்கிழமையும் உண்டு. பயிற்சித் தாளைச் செய்து கொடுத்துவிட்டு, இருவராக மேற்பார்வையாளர் முன் ஒரு மணி நேரம் உட்கார வேண்டும். இங்கே நம் பிள்ளைகள் செய்யும் தவறு, முடிந்த கணக்குகளை மட்டும் கொடுத்துவிட்டு முடியாதவற்றை ஒளிப்பது. தாள் முழுவதும் எல்லோராலும் செய்ய முடியும் என்று எதிர்பார்த்துத் தயாரிக்கப்படுவதில்லை. ஒரு கணக்கில் ஒரு மணி நேரம் நின்றும் நகரவில்லை என்றால், முயன்ற வழிகளையும் நின்ற இடத்தையும் இரண்டு வரியில் எழுதி அதையும் சேர்த்துக் கொடுங்கள். அந்த ஒரு மணி நேரம் அந்த இரண்டு வரியிலிருந்துதான் தொடங்கும்.