காட்டெருமை எது? விக்கிப்பீடியாவில் பாலூட்டிக் கட்டுரைகளை ஒழுங்குபடுத்தத் தொடங்குவோருக்கு

விக்கிப்பீடியாவில் புலி, சிங்கம், யானை பற்றிய கட்டுரைகளைத் தொகுக்க எப்போதும் ஆள் உண்டு. எலிக்கும் வௌவாலுக்கும் அப்படி யாரும் வருவதில்லை. பாலூட்டி இனங்களில் ஏறத்தாழ 40 விழுக்காடு எலி, அணில் போன்ற கொறிணிகள். ஐந்தில் ஒரு பங்கு வௌவால்கள். அவரவர் விருப்பத்துக்கு எழுதிக்கொண்டே போனால் இந்தக் குறை ஒருநாளும் தீராது. நான்கைந்து பேர் சேர்ந்து ஒரு விக்கித்திட்டமாக, அதாவது ஒரே துறைக் கட்டுரைகளைக் கூட்டாகக் கவனிக்கும் குழுவாக, இறங்கினால் தீரும். எழுதும் திறமையைவிட, எழுத உட்காருமுன் செய்யும் ஒழுங்குதான் இதில் பெரிது என்பது என் உறுதியான எண்ணம்.

1. திட்டப் பக்கம்

ஒரு பக்கத்தைத் தொடங்கி, எல்லையை ஒரே வரியில் எழுதுங்கள். இன்று வாழும் இனங்கள் மட்டுமா, அழிந்தவையும் உண்டா? வீட்டு விலங்குகளின் வளர்ப்பினங்கள் சேருமா? பங்கேற்போர் பெயர்ப் பட்டியலும் ஒரு பேச்சுப் பக்கமும் போதும். அலங்காரம் பிறகு.

2. ஒரே வகைப்பாட்டைப் பின்பற்றுங்கள்

ஒருவர் பழைய பாடநூலைப் பார்த்துத் திமிங்கிலங்களைத் தனி வரிசையில் வைப்பார். இன்னொருவர், அவற்றுக்கு மிக நெருங்கிய உறவு நீர்யானை என்பதால், மாடு, மான் போன்ற இரட்டைப்படைக் குளம்பிகளோடு சேர்ப்பார். இருவரிடமும் சான்று இருக்கும், கட்டுரைகளை வகைப்படுத்தும் பகுப்புகள்தான் குழம்பும். எனவே எந்தப் பட்டியலைப் பின்பற்றுவது என்று முதலிலேயே முடிவு செய்யுங்கள். 2005இல் மூன்றாம் பதிப்பாக வந்த 'மம்மல் ஸ்பீசீஸ் ஆஃப் த வேர்ல்ட்' என்ற நூல் 5,416 இனங்களைத் தந்தது. அமெரிக்கப் பாலூட்டியியல் சங்கத்தின் இணையத் தரவுத்தளம் இன்று 6,500க்கும் மேல் காட்டுகிறது. அது தொடர்ந்து புதுப்பிக்கப்படுவதால் அதையே நான் பரிந்துரைப்பேன்.

அடுத்து, வரிசை, குடும்பம், பேரினம், இனம் என்று ஓர் அட்டவணை போடுங்கள். ஒவ்வோர் இனத்தின் பெயரையும் இணைப்பாக்கினால், இல்லாத கட்டுரைகள் சிவப்பாகத் தெரியும். அந்தச் சிவப்பு இணைப்புகள்தான் உங்கள் வேலைப் பட்டியல். பேரினத்தில் ஒரே இனம் இருந்தால் இரண்டுக்கும் ஒரே கட்டுரை போதும். ஆப்பிரிக்காவில் வாழும் ஆர்டுவார்க் ஒரு வரிசையிலேயே எஞ்சியிருக்கும் ஒற்றை இனம். அதற்காக நான்கு குறுங்கட்டுரைகளைத் தொடங்குவது வாசகரை அலைக்கழிக்கும்.

3. பெயர்கள்: இங்கே நேரம் செலவிடுங்கள்

தமிழில் விலங்குகளுக்குப் பெயர் பஞ்சம் இல்லை. ஒரே பெயர் பல விலங்குகளுக்கு வழங்குவதுதான் சிக்கல். செய்திகளில் 'காட்டெருமை' என்று வருவது பெரும்பாலும் எருமையே அன்று. மாட்டின் பேரினத்தைச் சேர்ந்த காட்டுமாடு. எருமையின் காட்டு உறவு வேறொரு விலங்கு. 'சிறுத்தை' என்ற சொல்லைச் சிவிங்கிப்புலிக்கும் எழுதிவிடுகிறார்கள். உடல் முழுக்கச் செதில் கொண்ட அழுங்கை எறும்புத்தின்னி என்கிறோம். தென் அமெரிக்காவில் நீண்ட மூக்கோடு வாழும், முற்றிலும் வேறு வரிசையைச் சேர்ந்த விலங்குக்கும் அதே பெயர்.

பெயரே தவறான பகுப்புக்குக் கூட்டிச் செல்வதும் உண்டு. முள்ளம்பன்றி பன்றியன்று, கொறிணி. கடற்பசுவுக்குப் பசுவைவிட யானை நெருங்கிய உறவு.

இதற்கு வழி இருக்கிறது. ஒவ்வோர் இனத்துக்கும் அறிவியல் பெயரை அடையாளமாக வைத்துக்கொள்ளுங்கள். தலைப்புக்கு, நூல்களிலோ இதழ்களிலோ புழங்கும் தமிழ்ப் பெயர்களில் ஐயத்துக்கு இடமில்லாத ஒன்றை எடுங்கள். மற்ற பெயர்களைத் தேடுவோரும் அங்கேயே வந்து சேர வழிமாற்று அமையுங்கள். ஒரு பெயர் இரண்டு விலங்குகளைச் சுட்டினால், இரண்டு கட்டுரைகளுக்கும் வழிகாட்டும் பக்கவழி நெறிப்படுத்தல் பக்கம் வேண்டும். வழக்கில் பெயரே இல்லாத வௌவாலுக்கு நீங்களாக ஒன்றைப் புனைய வேண்டாம். அறிவியல் பெயரின் ஒலிபெயர்ப்பே தலைப்பாக இருக்கட்டும். கலைக்களஞ்சியம் வழக்கைப் பதிவு செய்யும் இடம்.

அறிவியல் பெயரையடுத்து, அந்த இனத்துக்கு முதலில் பெயரிட்டவரும் ஆண்டும் வரும். அங்குள்ள அடைப்புக்குறியையும் கவனியுங்கள். சிங்கத்துக்கு '(லின்னேயஸ், 1758)' என்றும், ஆசிய யானைக்கு அடைப்புக்குறி இல்லாமல் 'லின்னேயஸ், 1758' என்றும் எழுதுவார்கள். சிங்கத்தை லின்னேயஸ் பூனையின் பேரினத்தில் வைத்திருந்தார். பின்னால் அது பாந்தெரா என்ற பேரினத்துக்கு மாறியது, அடைப்புக்குறி அதைத்தான் காட்டுகிறது. யானை அவர் வைத்த பேரினத்திலேயே இருக்கிறது. ஒழுங்காக்குவதாக எண்ணிப் புதியவர்கள் இந்த அடைப்புக்குறியை நீக்கிவிடும்போது ஒரு வரலாறே அழிந்துபோகிறது.

4. பேச்சுப் பக்கத்தில் வார்ப்புரு

ஒவ்வொரு கட்டுரையின் பேச்சுப் பக்கத்திலும் திட்டத்தின் வார்ப்புருவை, அதாவது எல்லாப் பக்கங்களிலும் ஒரே வடிவில் தோன்றும் குறிப்புப் பெட்டியை, இடுங்கள். அதில் தரம் ஒரு புலம், முக்கியத்துவம் இன்னொரு புலம். ஆங்கில விக்கிப்பீடியாவில் தரத்துக்குப் பல படிகள் உண்டு. சிறிய குழுவுக்குக் குறுங்கட்டுரை, வளரும் கட்டுரை, நல்ல கட்டுரை என்ற மூன்றே போதும்.

5. கட்டுரையின் எலும்புக்கூடு

முன்னுரை, பெயரும் வகைப்பாடும், உடலமைப்பு, பரவலும் வாழிடமும், உணவும் நடத்தையும், இனப்பெருக்கம், காப்புநிலை. எல்லாரும் இந்த வரிசையைப் பின்பற்றினால் யார் எங்கே விட்டாலும் அடுத்தவர் தொடரலாம். தகவல் கிடைக்காத பகுதிக்கு வெற்றுத் தலைப்பு இட வேண்டாம்.

காப்புநிலையை, அதாவது இனம் அழியும் ஆபத்து எந்த அளவில் உள்ளது என்பதை, ஆண்டோடு எழுதுங்கள். பெரும் பாண்டா 2016இல் அருகிய நிலையிலிருந்து, ஆபத்தில் ஒரு படி குறைந்த அழிவாய்ப்புள்ள நிலைக்கு மாற்றப்பட்டது. ஆண்டு குறிக்காமல் பழைய நிலையை எழுதியிருந்த கட்டுரைகள் ஒரே நாளில் பிழையாகிவிட்டன. ஆப்பிரிக்க யானையைப் புல்வெளி யானை, காட்டு யானை என்று பிரித்து 2021இல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் செம்பட்டியல் தனித்தனியே மதிப்பிட்டது. இத்தகைய மாற்றம் வரும்போது கட்டுரையைப் பிரிப்பதா என்பதைத் தனியாக முடிவு செய்யாமல் திட்டப் பக்கத்தில் பேசுங்கள்.

6. உரிமை

இணையத்தளங்களிலிருந்து பத்திகளை நகலெடுக்கக் கூடாது. வேறு மொழி விக்கிப்பீடியாவிலிருந்து மொழிபெயர்க்கலாம். எந்தக் கட்டுரையிலிருந்து என்று, சேமிக்கும்போது எழுதும் தொகுப்புச் சுருக்கத்தில் இணைப்புத் தர வேண்டும். மேற்கோள்களை நீங்களே திறந்து பாருங்கள். இயந்திர மொழிபெயர்ப்பை வாசிக்காமல் பதிவேற்றுவோரிடம் பொறுமையாகப் பேசுங்கள். அவர்களும் உதவத்தான் வருகிறார்கள். ஆனால் அப்படி வந்த நூறு பக்கங்களைத் திருத்துவது, நூறு பக்கங்களைப் புதிதாக எழுதுவதைவிடக் கடினம்.

படங்களை, விக்கிமீடியாவின் கட்டற்ற படக் களஞ்சியமான பொதுவகத்தில் தேடுங்கள். வௌவால், மூஞ்சூறு படங்களில் இனம் தவறாகக் குறிக்கப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம். ஐயமிருந்தால் படமில்லாமலே விடுங்கள்.

7. எங்கே தொடங்குவது?

கொறிணிகளில் கால் வைத்தால் முதல் மாதத்திலேயே குழு சோர்ந்துவிடும். அழுங்குகளை எடுத்துக்கொள்ளுங்கள். பரவலாக ஏற்கப்பட்டவை எட்டு இனங்கள். நான்கு ஆசியாவில், நான்கு ஆப்பிரிக்காவில். எட்டுமே அச்சுறுத்தலில் இருப்பவை. அவற்றின் பன்னாட்டு வணிகத்தைத் தடுக்க 2016இல் முடிவு செய்யப்பட்டதால் சான்றுகளும் நிறையக் கிடைக்கும். நான்கு பேருக்கு ஆளுக்கு இரண்டு. அட்டவணையில் இனத்துக்கு எதிரே உங்கள் பயனர் பெயரை இடுங்கள். எழுதியவர் ஒருவர், சரிபார்ப்பவர் மற்றொருவர் என்று இருக்கட்டும். முடிந்த கட்டுரையை, பின்னர் வரும் மாற்றங்களைக் காட்டும் கவனிப்புப் பட்டியலில் இருவரும் சேர்த்த பிறகு அடுத்த குடும்பத்தின் அட்டவணையைத் திறங்கள்.