நாயோடு வேன் வீட்டில் குடியிருந்து தெருநாய்க் காப்பகங்களில் வேலை செய்வது எப்படி: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

கேரவன் என்றாலே நம்மூரில் சினிமாக்காரர் வண்டிதான். எங்கே நிறுத்தினாலும் "என்ன படம் சார், யாரு ஹீரோ?" என்று நாலு பேர் வந்துவிடுவார்கள். கதவைத் திறந்தால் பதினெட்டுக் கிலோவில் ஒரு கறுப்பு நாட்டுநாய் கொட்டாவி விட்டபடி இறங்கும். பெயர் மிளகு. கூட்டம் அத்தோடு கலைந்துவிடும்.

மூன்று வருடமாக நானும் மிளகும் ஒரு பழைய டெம்போ டிராவலரில் குடியிருக்கிறோம். ஊர் ஊராகப் போய், தெருநாய்க் காப்பகங்களின் பக்கத்தில் மூன்று வாரம், ஒரு மாதம் என்று நிறுத்திக்கொண்டு, காலையில் அங்கே போய் வேலை செய்கிறேன். மாலையில் மடிக்கணினியில் பிழைப்பு. "நானும் இப்படிக் கிளம்பலாமா?" என்று எழுதிக் கேட்பவர்கள் எல்லோருக்கும் கட்டிலும் கழிப்பறையும்தான் கவலை. அது ஒரு மாதத்தில் பழகிவிடும். தலைவலி வேறு. காப்பகத்தில் நோய் இருக்கும். உங்கள் வீடு காப்பகத்து வாசலிலேயே நிற்கும். அந்த வீட்டுக்குள் உங்கள் நாய் படுத்திருக்கும். இந்த மூன்றும் ஒன்றோடொன்று ஒட்டாமல் பார்த்துக்கொள்ளத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

படி 1: நாய் வருமா என்று முதலில் பாருங்கள்

வண்டி வாங்கும் முன்னால் நண்பரின் காரையோ வாடகை வேனையோ எடுத்துக்கொண்டு மூன்று இரவு வெளியே போய் வாருங்கள். வண்டி ஓடும்போது நாய் படுக்கிறதா, நிறுத்திய இடத்தில் சாப்பிடுகிறதா, ஒவ்வொரு லாரி சத்தத்துக்கும் எழுந்து குரைக்கிறதா என்று கவனியுங்கள். மிளகு முதல் பயணத்தில் திண்டிவனம் தாண்டுவதற்குள் மூன்று முறை வாந்தி எடுத்தாள். கிளம்புவதற்கு நாலு மணி நேரம் முன்பே சாப்பாட்டை நிறுத்தியபின் சரியாகிவிட்டது.

இன்னொரு சோதனை, தனியாக இரண்டு மணி நேரம் இருக்குமா என்பது. இருக்காது என்றால் முதலில் அதைப் பழக்குங்கள். உங்களைக் காணாமல் கதவைப் பிறாண்டும் நாயைப் பூட்டிவிட்டு, ஊரார் நாய்க்கு மருந்து போடப் போவது எனக்குச் சரியாகப் படவில்லை. தடுப்பூசி வரிசை முடியாத குட்டியோடு கிளம்புவதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

படி 2: ஊசி, இரண்டு பேருக்கும்

நாய்க்கு டிஸ்டம்பர், பார்வோ (இரண்டும் நாய்க்கு நாய் தொற்றும் வைரஸ் நோய்கள்), எலிக்காய்ச்சல் எல்லாம் சேர்ந்த கூட்டுத் தடுப்பூசியும், தனியாக வெறிநோய்த் (ரேபிஸ்) தடுப்பூசியும் முடிந்திருக்க வேண்டும். கடைசி ஊசி போட்டு இரண்டு வாரமாவது ஆன பிறகு கிளம்புங்கள். தடுப்பூசிப் புத்தகத்தைப் படமெடுத்து போனில் வைத்துக்கொள்ளுங்கள். உண்ணி மாத்திரையை நாள் தவறாமல் கொடுங்கள். ஏன் என்று ஆறாம் படியில் சொல்கிறேன், அது சொந்தச் சோகம்.

அப்புறம் உங்களுக்கு. நாய்களோடு வேலை செய்யப் போகிறவர்கள் கடிபடுவதற்கு முன்பே வெறிநோய்த் தடுப்பூசி போட்டுக்கொள்ளலாம். நம் நாட்டு வழக்கப்படி 0, 7 ஆகிய நாட்களிலும், பிறகு 21 அல்லது 28-ஆம் நாளிலும் என மூன்று ஊசி. இதைப் போட்டவருக்குக் கடிபட்டால், அன்று ஒன்றும் மூன்றாம் நாள் ஒன்றுமாக இரண்டு ஊசி போதும். காயத்தைச் சுற்றிப் போடும் இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்பொருள் ஊசி தேவைப்படாது. ஆனால் கடிபட்டதும் சோப்பும் ஓடும் தண்ணீருமாகப் பதினைந்து நிமிடம் கழுவுவது எல்லோருக்கும் பொது. "சின்னக் கீறல்தான்" என்று துடைத்துவிட்டுப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும். அறிகுறி வந்துவிட்டால் அந்த நோயிலிருந்து பிழைப்பது அநேகமாக இல்லை.

படி 3: தச்சருக்கு முன் ஆர்.டி.ஓ.

டிராவலர் மாதிரி உயரமான வேன்தான் என் தேர்வு. உள்ளே நிமிர்ந்து நிற்கலாம், எந்த ஊர் மெக்கானிக்குக்கும் கை பழகிய வண்டி, லிட்டருக்குப் பத்து, பதினொரு கிலோமீட்டர் கொடுக்கிறது.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவைத் தெரியாமல் ஸ்குரூ டிரைவரை எடுக்காதீர்கள். ஆர்.சி.யில் இருக்கும் விவரத்துக்கும் வண்டிக்கும் வித்தியாசம் வருகிற மாதிரி மாற்றக் கூடாது என்கிறது அது. சீட்டைக் கழற்றினாலே ஆர்.சி.யில் உள்ள சீட் எண்ணிக்கை பொய்யாகிவிடும். விபத்து என்று வந்தால் காப்பீட்டுக்காரர் முதலில் பிடிப்பது இதைத்தான். பழைய டிராவலர்கள் பெரும்பாலும் மஞ்சள் போர்டு வேறு. வரைபடத்தோடு ஆர்.டி.ஓ. அலுவலகம் போய் என்ன அனுமதி வேண்டும் என்று கேட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள். கேரவன் கட்டுவதற்கென்றே ஏ.ஐ.எஸ்.-124 என்று ஒரு தரவிதி இருக்கிறது. அந்த அங்கீகாரம் வாங்கிய பட்டறையில் செய்தால் செலவு கூடும், தூக்கம் வரும்.

சமையல் எரிவாயு காற்றைவிடக் கனம். கசிந்தால் தரையில் தங்கும். நாய் படுத்திருப்பதும் தரையில்தான். அதனால் சிலிண்டர் பெட்டியின் அடியில் வெளியே திறக்கிற துளை வேண்டும். கேஸ் அலாரத்தைத் தரையோரமாக மாட்டுங்கள். என் வண்டியில் தச்சர் அதை அழகாகக் கண் மட்டத்தில் மாட்டியிருந்தார்!

படி 4: வெயில் கணக்கு

மூடிய வண்டிக்குள் ஏறுகிற சூட்டில் பெரும்பகுதி முதல் அரை மணி நேரத்திலேயே ஏறிவிடும். ஜன்னலை நாலு விரல் இறக்கி வைத்தாலும் பெரிய மாற்றம் இல்லை. நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது, மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ள வேண்டும். சுற்றியிருக்கும் காற்றே கொதித்தால் அதுவும் பலிக்காது.

"ஏ.சி. போட்டுட்டுப் போங்களேன்" என்பார்கள். 100 ஆம்பியர்-அவர் லித்தியம் பேட்டரியில் சுமார் 1,280 வாட்-அவர் இருக்கும். சின்ன ஏ.சி. 600 வாட் இழுத்தால் இரண்டு மணி நேரத்தில் காலி. நீங்கள் காப்பகத்தில் கையுறையோடு நிற்கும்போது வண்டியில் ஏ.சி. நின்றுபோனதை யார் வந்து சொல்வார்கள்? அதே பேட்டரியில் 25 வாட் மின்விசிறி இரண்டு, ஒரு நாள் முழுக்க ஓடும். கூரையில் 400 வாட் சோலார் இருந்தால் நல்ல வெயில் நாளில் அந்தச் செலவு திரும்பி வந்துவிடும். ஆக விசிறி, நிழல், கூரைக்கு அடியில் தடித்த வெப்பத்தடுப்பு ஆகியவற்றை நம்புங்கள். ஏ.சி.யை நீங்களும் உள்ளே இருக்கும்போது போட்டுக்கொள்ளுங்கள். சிம் போட்ட வெப்பமானி ஒன்று வாங்கி மாட்டினால், உள்ளே சூடு ஏறும்போது போனுக்குச் செய்தி வரும்.

வெளியே முப்பது டிகிரி தாண்டினால் மிளகை வண்டியில் தனியாக விடுவதில்லை. அதனால் எங்கள் வருடமே வெயிலைப் பார்த்து நகர்கிறது. கோடையில் மலை, கார்த்திகைக்குப் பிறகு ராஜஸ்தான், கோவா. நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7 முதல் இ-பாஸ் வேண்டும், கிளம்பும் முன் எடுத்துக்கொள்ளுங்கள். குடிதண்ணீர், பதினெட்டுக் கிலோ நாய்க்கு ஒரு லிட்டர், கோடையில் இரண்டு என்று வைத்துக்கொள்ளலாம்.

படி 5: காப்பகத்திடம் என்ன கேட்பது

நம் நாட்டில் விலங்கு மீட்பு என்றால் பெரும்பாலும் தெருநாய்தான். பிடித்து, கருத்தடை செய்து, வெறிநோய் ஊசி போட்டு, காதில் அடையாள வெட்டு வைத்து, பிடித்த அதே இடத்தில் விடுவது என்பது 2023 விதிகள் சொல்கிற முறை. சென்னை புளூ கிராஸ் (தொடங்கியது 1959) இந்த வேலையை 1964-லேயே ஆரம்பித்துவிட்டது. உதகைப் பக்கம் டபிள்யூ.வி.எஸ். (வேர்ல்டுவைடு வெட்டரினரி சர்வீஸ்) என்ற தொண்டு நிறுவனம் நடத்தும் மையத்தில் கால்நடை மருத்துவர்களுக்கு இந்த அறுவைப் பயிற்சியே கொடுக்கிறார்கள். உதய்ப்பூரில் 2002-இல் தொடங்கிய அனிமல் எய்ட் அன்லிமிடெட் என்ற காப்பகம், வெளியூர்த் தன்னார்வலர்களுக்குப் பழகிய இடம். உங்கள் ஊரிலேயே பெயர் தெரியாத சின்னக் காப்பகம் ஒன்று இருக்கும், அங்கேதான் ஆள் பற்றாக்குறை அதிகம்.

போவதற்கு முன் போன் போட்டு நேராகக் கேளுங்கள். தொற்றுநோய் நாய்களுக்குத் தனி அறை இருக்கிறதா? மருத்துவர் தினமும் வருகிறாரா? வண்டியை வளாகத்துக்கு வெளியே நிறுத்த நிழல் உண்டா? புதிதாக வந்தவனை முதல் நாளே குட்டிகள் அறைக்குள் "போய்க் கொஞ்சுங்க" என்று அனுப்புகிற இடத்தில் நான் தங்குவதில்லை. அவர்கள் நல்லவர்கள்தான், ஆனால் அங்கே பார்வோ சுற்றிக்கொண்டே இருக்கும்.

வேலை என்றால் அண்டாவில் சோறும் கோழிக்கழிவும் வேகவைப்பது, கூண்டு கழுவுவது, சாக்கு உலர்த்துவது, எந்த நாய் எந்தத் தெருவில் பிடிபட்டது என்று பதிவேடு எழுதுவது. பதிவேடு தவறினால் நாய் வேறு தெருவில் இறங்கி, அங்கிருக்கும் நாய்களிடம் கடிபடும். எனக்கு இந்த வேலைதான் பிடித்தம்.

ஒன்றுக்கு மட்டும் எப்போதும் மறுப்புச் சொல்லப் பழகுங்கள். "தம்பி, உங்க வண்டி சும்மாதான நிக்குது, இந்த நாலு குட்டியையும் ராத்திரி மட்டும் வச்சுக்கயேன்" என்று பராமரிக்கிற அண்ணன் கேட்பார். மனசு கேட்காது. இருந்தாலும், "அண்ணே, உள்ள மிளகு இருக்கா" என்று சொல்லிவிடுங்கள். வேண்டுமானால் குட்டிகளை வேறு இடத்துக்குக் கொண்டுபோக உங்கள் செலவில் ஒரு ஆட்டோ பிடித்துக் கொடுங்கள்.

படி 6: வாசலில் ஒரு கோடு

இரண்டாவது காப்பகத்தில் இருந்தபோது நடந்தது இது. வேலை முடிந்து களைப்பில் அதே பேண்டோடு கட்டிலில் உட்கார்ந்தேன். பேண்டின் மடிப்பில் வந்த உண்ணியை நான் பார்க்கவில்லை. அந்த மாதம் உண்ணி மாத்திரையையும் பத்து நாள் தள்ளிப்போட்டிருந்தேன். மூன்றாவது வாரம் மிளகு தட்டை முகர்ந்துவிட்டுத் திரும்பிப் படுத்தாள். ஈறு வெளுத்திருந்தது. மறுநாள் காலை மூக்கிலிருந்து இரண்டு சொட்டு ரத்தம். இரத்தப் பரிசோதனையில் தட்டணுக்கள் (பிளேட்லெட்) தரைமட்டம். உண்ணிக் காய்ச்சல். இருபத்தெட்டு நாள் டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் கொடுத்துத் தேற்றினேன்.

அதோடு போகவில்லை. பழுப்பு நாய் உண்ணி வீட்டுக்குள்ளேயே குடித்தனம் நடத்தும். சுவரேறி இடுக்கில் புகுந்து ஆயிரக்கணக்கில் முட்டையிடும். என் பிளைவுட் சுவருக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பார்த்தேன், மிளகாய் விதை மாதிரி வரிசையாக ஒட்டியிருந்தன. உள்சுவர் முழுவதையும் பிரித்தெடுத்து, இடுக்கு விடாமல் சிலிக்கான் பூசித் திரும்ப அடிக்க இரண்டு வாரம் ஆனது. நீங்கள் இதை முதலிலேயே செய்துவிடுங்கள்.

இப்போது என் முறை இதுதான். காப்பகத்துக்கென்று தனி உடுப்பு, தனி ரப்பர் பூட்ஸ். இரண்டும் வண்டிக்குள் ஏறாது, பின்புறம் மூடியுள்ள வாளியில்தான் இருக்கும். படிக்கட்டுக்கு வெளியே ஒரு திரை, அதற்குள் உடை மாற்றி, கைகால் கழுவி, பிறகுதான் உள்ளே. பூட்ஸை முதலில் சேறு போகத் தேய்த்துக் கழுவி, ஒரு பங்கு திரவ பிளீச்சுக்கு முப்பது பங்கு தண்ணீர் கலந்து பத்து நிமிடம் நனைய விடுவேன். சேற்றோடு ஊற்றினால் பிளீச் வீண். ஆல்கஹால் சானிடைசர் பார்வோவைக் கொல்லாது, அதைத் தேய்த்துக்கொண்டு தைரியமாக இருக்காதீர்கள். பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். மிளகின் நடையும் காப்பக வாசலுக்கு எதிர்த்திசையில்தான். இரவு சாப்பாட்டுக்குப் பின் காது மடல், கால்விரல் இடுக்கு, கழுத்துப்பட்டைக்கு அடி மூன்றையும் விரலால் தடவிப் பார்க்கிறேன். அவளுக்கு அது கொஞ்சல் என்று நினைப்பு.

படி 7: ராத்திரி எங்கே நிறுத்துவது

பெட்ரோல் பங்கில் டீசல் போட்டுவிட்டு மேலாளரிடம் கேட்டால் பெரும்பாலும் சரி என்பார்கள். நாய் அசிங்கம் செய்தால் அள்ளுங்கள், அடுத்து வருகிறவருக்கும் இடம் கிடைக்க வேண்டும். அந்த இடத்துத் தெருநாய்கள் முதல் இரவு வண்டியைச் சுற்றிக் குரைக்கும். நட்பாக்குகிறேன் என்று வாசலில் சோறு வைக்காதீர்கள். தெருநாய்க்கு ஒதுக்கிய இடத்தில்தான் உணவு வைக்க வேண்டும் என்று 2025 ஆகஸ்ட் 22 அன்று உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

நீலகிரியில் கதை வேறு. அங்கே சிறுத்தை வீட்டு வாசலுக்கே வந்து நாயைத் தூக்கும். இருட்டிய பிறகு மிளகு இறங்குவது கயிற்றோடு, விளக்கு வெளிச்சத்தில், கதவிலிருந்து நாலு அடிக்குள். முதுமலை–பந்திப்பூர் சாலை இரவு ஒன்பது முதல் காலை ஆறு வரை மூடியிருக்கும், நேரம் பார்த்துக் கிளம்புங்கள். காட்டுக்குள் வண்டியை நிறுத்தி நாயை இறக்குவது அறவே கூடாது. 2018-இல் குஜராத்தின் கிர் காட்டுச் சிங்கங்கள் அடுத்தடுத்து இறந்தபோது அவற்றில் டிஸ்டம்பர் கிருமி இருந்தது. நாய்க்கு வருகிற அதே டிஸ்டம்பர்தான்.

படி 8: கிளம்பும்போது

ஒரு காப்பகத்திலிருந்து நேராக அடுத்த காப்பகத்துக்குப் போகாதீர்கள். நடுவில் இரண்டு வாரம் எங்காவது சும்மா இருங்கள். கிருமி ஏதாவது ஒட்டிக்கொண்டு வந்திருந்தால் பெரும்பாலும் அதற்குள் தெரிந்துவிடும். உடுப்பெல்லாம் வெந்நீரில் துவைத்து வெயிலில் காயட்டும்.

நான் அந்த இரண்டு வாரமும் அம்மா வீட்டுத் தெருவில் வேப்பமரத்தடியில் நிறுத்திக்கொள்கிறேன். "வீடு இருக்கும்போது எதுக்குடா தகர டப்பாவுல படுக்குற" என்று அம்மா தினமும் ஒரு தடவை திட்டுவார். மிளகு அதற்குள் சமையலறை வாசலில் போய்ப் படுத்திருப்பாள்.