இடுப்பு மூட்டு மாற்றிய இடத்தில் டிபி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

செயற்கை இடுப்பு மூட்டு வைத்து ஓராண்டு ஆகியிருக்கும், சிலருக்குப் பத்தாண்டுகூட ஆகியிருக்கும். பழைய தையல் தழும்பில் சிறு துளை விழுந்து சீழ் கசியும். பெரிய காய்ச்சல் இருக்காது. சீழைக் கல்ச்சருக்கு (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) அனுப்புவார்கள்; ஐந்தே நாளில் 'கிருமி வளரவில்லை' என்று ரிப்போர்ட் வரும். அதைப் பார்த்து நிம்மதி அடைவதுதான் முதல் தவறு. சாதாரண கல்ச்சரில் காசநோய்க் கிருமி வளராது. டிபிக்கென்று தனியாகக் கேட்டு அனுப்ப வேண்டும். 6 முதல் 8 வாரம்வரை காத்திருக்கவும் வேண்டும்.

இன்னொரு தவறு ஆபரேஷன் தியேட்டரிலேயே நடந்துவிடுகிறது. எடுத்த சதைத் துணுக்குகள் எல்லாவற்றையும் சதை கெடாமல் வைக்கும் ஃபார்மலின் பாட்டிலில் போட்டுவிடுவார்கள். ஃபார்மலினில் கிருமி செத்துவிடும். அப்புறம் எதை வளர்ப்பது? பயாப்சிக்குப் போவது மட்டும் ஃபார்மலினில். கல்ச்சருக்கும், டிபி கிருமியின் மரபணுவைத் தேடும் சிபிநாட் பரிசோதனைக்கும் போவது சலைனில். சிபிநாட் இரண்டே மணி நேரத்தில் பதில் சொல்லும். ஆனால் மூட்டில் கிருமிகள் குறைவாகவே இருக்கும் என்பதால், 'நெகட்டிவ்' வந்தாலும் டிபி இல்லை என்று ஆகிவிடாது.

நோய் உறுதியாகும் முன்பே லீவோஃப்ளாக்சசின், ரிஃபாம்பிசின் என்ற இரண்டு ஆன்டிபயாடிக்குகளைத் தொடங்குவது ஆபத்து. ஸ்டெஃபிலோகாக்கஸ் என்ற சாதாரண சீழ்க் கிருமியின் தொற்றுக்குத் தரும் இந்த ஜோடி டிபி கிருமியையும் அரைகுறையாக அடிக்கும். சீழ் வற்றும், பிறகு திரும்ப வரும். கல்ச்சரில் கிருமி சிக்காமல் போகும். மருந்துக்கு அடங்காத டிபியாகவும் மாறலாம்.

டிபி என்றதும் மூட்டைக் கழற்றியே ஆக வேண்டும் என்பதில்லை. இந்தக் கிருமி ஸ்டெஃபிலோகாக்கஸ் அளவுக்கு உலோகத்தில் படலம் கட்டி ஒட்டாது. மூட்டு ஆடாமல் உறுதியாக இருந்தால், சுத்தம் செய்து, மருந்து கொடுத்துக் காப்பாற்றியிருக்கிறார்கள். ஆட்டம் கண்டிருந்தால் மாற்றத்தான் வேண்டும்.

எனக்கு அதிகம் பயம் தருவது, ரத்தம் உறையாமலிருக்கத் தரும் மாத்திரை. வார்ஃபரின், ரிவராக்சபான், அபிக்சபான் எதுவானாலும், டிபிக்குத் தரும் முக்கிய மருந்தான ரிஃபாம்பிசின் அதன் வீரியத்தைக் குறைத்துவிடும். காலில் ரத்தக்கட்டி உருவாகலாம். எலும்பு டாக்டரிடமும் டிபி டாக்டரிடமும் இரண்டு மருந்துச் சீட்டுகளையும் காட்டுங்கள். ரிஃபாம்பிசினை நிறுத்தும்போதும் சொல்லுங்கள்: கூட்டி வைத்த வார்ஃபரின் அளவை அப்போது குறைக்காவிட்டால் ரத்தம் கசியும்.

நுரையீரல் டிபிக்கு வழக்கமாக 6 மாதம் என்றால், எலும்பு, மூட்டுக்கு இந்தியாவில் 12 மாதம். சிலருக்கு 18 ஆகும். நாலாம் மாதம் நன்றாக நடக்கிறோம் என்று நிறுத்திவிடாதீர்கள். சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போனால் பயமில்லை, அது ரிஃபாம்பிசினின் நிறம். கண் மஞ்சளானாலோ பார்வை மங்கினாலோ அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள்.