ஸ்போர்ட்ஸ் காரில் சின்னக் குழந்தைகள்: வாங்கிய பிறகு தெரியவரும் தவறுகள்

இரண்டு கதவும் தாழ்ந்த கூரையும் உள்ள ஸ்போர்ட்ஸ் கார், அதாவது கூபே ஒன்றை மூன்று வருடமாகத் தினமும் ஓட்டி வருகிறேன். ஒன்றரை வயதில் அதன் பின்சீட்டில் ஏறிய மகளுக்கு இப்போது நாலரை வயது. போன வருடம் தம்பியும் வந்துவிட்டான். இந்தக் காரையும் குழந்தைகளையும் சேர்த்து எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று கேட்காத நண்பர்கள் இல்லை. சமாளிக்க முடியும். ஆனால் நாங்கள் செய்த தவறுகளையும், மற்ற பெற்றோர் செய்வதைப் பார்த்த தவறுகளையும் யோசித்தால், பாதிக்கு மேல் ஒரே இடத்தில்தான் தொடங்குகின்றன. காரில் நாம் ஏறி உட்கார்ந்து பார்த்து முடிவெடுக்கிறோம். குழந்தையையும் அதன் சீட்டையும் ஏற்றிப் பார்ப்பதில்லை.

'நாலு சீட்' என்ற சொல்லை நம்புவது

ஸ்போர்ட்ஸ் கூபேக்களில் 2+2 என்று எழுதியிருப்பார்கள். பின்னால் இருக்கும் அந்த இரண்டும் முழு சீட் அல்ல என்பதற்காகத்தான் அதை '4' என்று எழுதாமல் பிரித்து எழுதுகிறார்கள். ஒரே பெயருள்ள காரிலேயே இது மாடலுக்கு மாடல் மாறும். போர்ஷே 911ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 1960களிலிருந்து பின்சீட்டோடு பழகிய கார் அது. ஆனால் அதன் ஜிடி3 வகையில் பல வருடம் பின்சீட்டே இருந்ததில்லை. 2024இல் வந்த மேம்படுத்தப்பட்ட கரேரா கூபேயிலும் பின்சீட் தானாக வராது. வேண்டும் என்று கேட்டால் கூடுதல் கட்டணமின்றிப் பொருத்தித் தருவார்கள். இதைக் கவனிக்காமல் ஸ்டாக்கில் நிற்கும் காரை வாங்கினால், வீட்டுக்கு வந்த பிறகுதான் பின்னால் வெறும் தட்டு இருப்பது தெரியும்.

பின்சீட் இருந்தாலும் வேலை முடியவில்லை. உங்கள் குழந்தையின் சீட்டையே ஷோரூமுக்கு எடுத்துப் போங்கள். அங்கே இருக்கும் மாதிரி சீட்டை வைத்துப் பார்ப்பதில் பயனில்லை. குழந்தை சீட்டைக் காரின் உடலோடு மாட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கி இருக்கிறதா என்பது முதல் கேள்விதான். அடுத்து, சீட்டின் அடியிலிருந்து தரையில் ஊன்றும் கால் இருந்தால், அது நேராகத் தரையைத் தொடுகிறதா? தொடும் இடத்தில் பொருள் வைக்கும் பெட்டி எதுவும் தரைக்கடியில் இருக்கக் கூடாது. கூபேயின் பின்சீட் கிண்ணம்போல் குழிந்திருக்கும். கொஞ்சம் பெரிய குழந்தையை உயர்த்தி உட்கார வைக்கும் அகலமான பூஸ்டர் அந்தக் குழிவில் தட்டையாக உட்காராது, ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும். குழந்தை காரின் பின்பக்கம் பார்த்து உட்காரும் பின்னோக்கிய சீட்டானால் சாய்மானமே மாறிவிடும். எங்கள் மகளின் சீட்டின் பக்கவாட்டில் ஒரு சின்னக் குமிழ் உண்டு, உள்ளே பச்சைக் கோடு. குமிழ் கோட்டுக்குள் நின்றால் சாய்மானம் சரி. எங்கள் கூபேயில் அந்தக் குமிழ் மூன்று தடவையும் கோட்டைத் தாண்டி ஓரத்தில் போய் ஒட்டிக்கொண்டது. விற்பனையாளர் "பரவாயில்லை சார், போகப் போக சரியாயிடும்" என்றார். அது போகப் போகச் சரியாகிற விஷயமே அல்ல. சீட் நிமிர்ந்துவிட்டால், கழுத்து நிற்காத பச்சிளம் குழந்தையின் தலை முன்னால் தொங்கி மூச்சுக்குழாயை அழுத்தலாம். வேறு வடிவச் சீட் ஒன்றைத் தேடிப் பிடித்து, குமிழ் நடுவில் நின்ற பிறகுதான் முன்பணம் கொடுத்தோம்.

குழந்தை சீட் பொருந்திவிட்டது என்றதும் எல்லோரும் கையைத் தட்டிக்கொண்டு எழுந்துவிடுகிறார்கள். நீங்கள் எங்கே உட்காரப் போகிறீர்கள்? பின்னோக்கிய சீட்டுக்கு இடம் விட ஓட்டுநர் சீட்டை முன்னால் தள்ளித் தள்ளி, நெஞ்சு ஸ்டியரிங்கை முட்டும் அளவுக்கு வந்துவிடுவோம். நெஞ்செலும்புக்கும் ஸ்டியரிங் நடுப்பகுதிக்கும் குறைந்தது 25 செ.மீ. வேண்டும். அதைவிடக் கிட்டத்தில் ஏர்பேக் விரிந்தால் காப்பாற்ற வேண்டியதே காயப்படுத்திவிடும். ஒரு ஸ்கேலை எடுத்துப் போய் அளந்து பாருங்கள்.

இடம் போதவில்லை என்று சீக்கிரமே முன்னோக்கித் திருப்புவது

இருக்கும் தவறுகளிலேயே என்னை மிகவும் கலங்க வைப்பது இதுதான். செய்கிறவர்கள் அக்கறையில்லாதவர்கள் அல்ல. குழந்தையின் கால் மடங்குகிறது, முன்சீட்டில் இருப்பவருக்கு முட்டி இடிக்கிறது, திருப்பிவிட்டால் எல்லோருக்கும் வசதி என்று நினைக்கிறார்கள்.

பிறந்த குழந்தையின் தலை, உடல் நீளத்தில் கால்வாசி. கழுத்தெலும்புகள் முழுதாக இறுகியிருக்காது. நேருக்கு நேர் மோதும்போது முன்னோக்கி உட்கார்ந்த குழந்தையின் உடம்பைப் பெல்ட் பிடித்துக்கொள்ளும். அந்தக் கனமான தலை மட்டும் முன்னால் பாயும். பின்னோக்கி உட்கார்ந்தால் தலை, கழுத்து, முதுகு மூன்றையும் சீட்டின் ஓடு ஒன்றாகத் தாங்குகிறது. குழந்தை சீட்டுகளுக்கான ஐ.நா.வின் ஆர்129 விதிப்படி செய்த சீட்டுகளில் 15 மாதம் வரை குழந்தையை முன்னோக்கி உட்கார வைக்கக் கூடாது. 15 மாதம் என்பது குறைந்தபட்சம். ஸ்வீடனில் நான்கு வயது வரை பின்னோக்கியே வைக்கச் சொல்கிறார்கள். கால் மடங்குவதால் குழந்தைக்கு ஒன்றும் ஆகாது. அவர்கள் சம்மணம் போட்டுக்கொண்டு சௌகரியமாகவே இருப்பார்கள்.

காருக்கு இடம் பத்தவில்லை என்பதற்காகக் குழந்தையைத் திருப்ப வேண்டிய நிலை வந்தால், மாற்ற வேண்டியது காரைத்தான்.

முன்சீட்டு ஏர்பேக்கை மறந்துபோவது

இரண்டே சீட் உள்ள, கூரை திறக்கும் ரோட்ஸ்டர் கார்களில் குழந்தை முன்னால்தான் உட்கார வேண்டும். பின்னோக்கிய சீட்டை அணைக்காத ஏர்பேக்குக்கு முன்னால் வைக்கவே கூடாது. கண் இமைப்பதற்குள் விரியும் அந்தப் பை, குழந்தையின் தலைக்குப் பின்னால் இருக்கும் சீட்டின் முதுகை நேராக அறையும். பயணி ஏர்பேக்கை அணைக்கும் வசதி உங்கள் காரில் இருக்கிறதா என்று கையேட்டில் பாருங்கள். இல்லையென்றால் அந்தக் காரில் கைக்குழந்தைக்கு இடமில்லை. இருந்தால், ஒவ்வொரு தடவையும் கிளம்பும் முன் 'ஏர்பேக் ஆஃப்' விளக்கு எரிகிறதா என்று கண்ணால் பாருங்கள். பெரியவர் உட்காரும்போது மறக்காமல் திரும்பப் போடுங்கள். கார்பன் இழையில் செய்த ஆழமான பக்கெட் சீட், நாலு முனை ரேஸ் பெல்ட் ஆகியவற்றில் பெரும்பாலும் குழந்தை சீட்டைப் பொருத்த அனுமதியே கிடையாது. அழகுக்காக அந்த ஆப்ஷனை டிக் செய்வதற்கு முன் கையேட்டின் அந்தப் பக்கத்தைப் படித்துவிடுங்கள்.

விலை உயர்ந்த கார், அதனால் பாதுகாப்பான கார் என்று நினைப்பது

நல்ல பிரேக், நல்ல டயர், உறுதியான உடல். எனவே குழந்தைக்கும் நல்லது என்று மனம் கணக்குப் போடும். 2017 ஜனவரியில் ஃபோர்டு மஸ்டாங்குக்கு, கார்களை மோதவிட்டுச் சோதிக்கும் ஐரோப்பிய அமைப்பான யூரோ என்கேப் கொடுத்தது ஐந்துக்கு இரண்டே நட்சத்திரம். குழந்தைப் பாதுகாப்பு மதிப்பெண் 32 சதவீதம். பின்சீட் பெல்ட்டில், மோதும் கணத்தில் பெல்ட்டை இறுக்கும் அமைப்பும் இல்லை, விசையை மட்டுப்படுத்தும் அமைப்பும் இல்லை. அதே வருடம் மேம்படுத்தப்பட்ட காருக்கு மூன்று நட்சத்திரம் கிடைத்தது. முன்சீட்டில் இருப்பவருக்காகச் செய்த வேலை பின்சீட்டு வரை எட்டாமல் போகலாம் என்பதற்கு இது தெளிவான உதாரணம். மொத்த நட்சத்திரத்தோடு நிறுத்தாமல், குழந்தைகளுக்கான சதவீதத்தைத் தனியாகத் தேடிப் பாருங்கள். பல ஸ்போர்ட்ஸ் கார்கள் இந்தச் சோதனைக்கே போவதில்லை. அப்படிப்பட்டதாக இருந்தால் பின் பெல்ட்டில் இந்த இரண்டு அமைப்பும் உண்டா என்று விற்பவரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

கதவு, முதுகு, விரல்கள்

கூபேயின் கதவு நீளமானது. நெருக்கமான பார்க்கிங்கில் அது பாதிதான் திறக்கும். அந்த இடுக்கில் ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே வைத்து, மடக்கிய முன்சீட்டின் மேல் குனிந்து, பத்து பன்னிரண்டு கிலோ குழந்தையை உடம்பைத் திருக்கியபடி தூக்குகிறோம். தினமும் நாலு தடவை. இரண்டாவது மாதத்தில் எனக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. அதன் பிறகு, ஒரு பக்கம் முழுதும் காலியாக இருக்கும் ஓரத்து இடத்தில் நிறுத்த ஆரம்பித்தேன். கொஞ்சம் நடக்க வேண்டியிருக்கும், நடக்கலாம்.

முன்சீட் மோட்டாரில் தானாகப் பின்னால் நகரும் கார்களில் கூடுதல் கவனம் வேண்டும். பட்டனை அழுத்திவிட்டு நாம் சுற்றிவரும் நேரத்தில் குழந்தை காலையோ விரலையோ சீட் நகரும் தண்டவாளத்தில் வைத்திருக்கும். சீட் நின்ற பிறகே குழந்தை உள்ளே போக வேண்டும் என்பது எங்கள் வீட்டுச் சட்டம்.

சைலன்சர் குழாய்

இதை யாரும் சொல்லித் தரவில்லை. ஸ்போர்ட்ஸ் காரின் சைலன்சர் குழாய் பெரிதாக, பளபளப்பாக, ஓட்டி முடித்ததும் கொதிக்கும் சூட்டோடு பம்பரின் விளிம்போடு ஒட்டி நிற்கும். நமக்கு அது முழங்காலுக்கும் கீழே. இரண்டு வயதுக் குழந்தைக்கோ கைக்கு எட்டும் உயரம். ஒரு நாள் இறங்கிய உடனே பையை எடுக்கத் திரும்பினேன். மகள் தன் முகம் தெரியும் அந்த வட்டத்தைத் தொட விரலை நீட்டிக்கொண்டிருந்தாள். விரலுக்கும் குழாய்க்கும் ஒரு சாண் இருக்கும்போது கையைப் பிடித்துவிட்டேன். அன்றிலிருந்து, இறங்கினால் குழந்தை முன்சக்கரத்தின் மேல் ஒரு கை வைத்து நிற்க வேண்டும்; நான் வரும் வரை எடுக்கக் கூடாது. அவளுக்கு அது விளையாட்டாகவே பழகிவிட்டது.

முன்பக்கம் டிக்கி உள்ள கார்களில் அதைத் திறந்து போட்டுவிட்டு வேறு பக்கம் போகாதீர்கள், குழந்தை உள்ளே ஏறி மாட்டிக்கொள்ளலாம். உள்ளிருந்து திறக்கும் ஒளிரும் கைப்பிடி அங்கே இருந்தால், அதை இழுத்தால் திறக்கும் என்று குழந்தைக்குக் காட்டிவையுங்கள்.

தளர்வாகக் கிடக்கும் சாமான்

டிக்கி சிறியது என்பதால் ஸ்ட்ரோலர் பின்சீட்டில், பை கால் வைக்கும் இடத்தில், தண்ணீர் பாட்டில் எங்காவது என்று ஆகிவிடும். 50 கி.மீ. வேகத்தில் மோதினால் கட்டப்படாத பொருள் தன் எடையைப்போல் பல மடங்கு விசையோடு பறக்கும். டிக்கிக்கும் பின்சீட்டுக்கும் நடுவே தடுப்பு இல்லாத காரானால் இன்னும் மோசம். மடக்கினால் டிக்கிக்குள் அடங்கும் ஸ்ட்ரோலரை வாங்குங்கள். முடியாதபோது காலியான பின்சீட்டின் பெல்ட்டை அதன் மேல் போட்டு இறுக்குங்கள்.

பள்ளிக்கு இரண்டு கி.மீ. ஓட்டம்

குழந்தைகள் வந்ததும் காரின் பயண முறையே மாறுகிறது. பள்ளி, கடை, மருத்துவர் என எல்லாம் பத்து நிமிட ஓட்டங்கள். இன்ஜினைக் குளிர்விக்கும் தண்ணீர் சூடேறிவிட்டதாக மீட்டர் காட்டும். ஆனால் இன்ஜின் ஆயில் சூடேற அதைவிட நேரமாகும். ஆயில் முழுச் சூட்டுக்கு வராமலே தினமும் அணைத்தால், எரியாத பெட்ரோலும் ஈரமும் ஆயிலில் கலந்து தங்கும். எனவே கி.மீ. கணக்கை மட்டும் பார்த்து ஆயில் மாற்றாதீர்கள், காலக் கணக்கையும் பாருங்கள். வாரம் ஒரு தடவையாவது அரைமணி நேரம் சீராக ஓட்டுங்கள். குழந்தை தூங்க மறுக்கும் மதியம் அதற்குத் தோதான நேரம்.

ஸ்டெப்னி இல்லாத கார்களே ஸ்போர்ட்ஸ் ரகத்தில் அதிகம். பஞ்சரை அடைக்கும் பசையும் சின்னப் பம்ப்பும் மட்டும் இருக்கும். டயரின் பக்கச்சுவர் கிழிந்தால் அந்தப் பசை உதவாது. இழுவை வண்டி வரும் வரை நிற்க வேண்டும். பாலும் மாற்றுத் துணியும் ஒரு போர்வையும் காரிலேயே இருக்கட்டும். குளிர் பிரதேசத்தில் இருப்பவர்கள், கோடைக்கால ஸ்போர்ட்ஸ் டயரின் ரப்பர் 7 டிகிரிக்குக் கீழே இறுகிப் பிடிமானம் இழக்கும் என்பதை மறக்க வேண்டாம்.

நமக்குச் சுகமானது அவர்களுக்கும் சுகம் என்று எண்ணுவது

கூபேயின் பின் ஜன்னல் சின்னது, பல கார்களில் திறக்கவும் முடியாது. வெளியே பார்க்க முடியாத குழந்தை சீக்கிரம் வாந்தி எடுக்கும். இரண்டு வயதுக்கு மேல்தான் இந்தத் தொந்தரவு தொடங்கும். ஸ்போர்ட் மோடில் சஸ்பென்ஷன் இறுகி, ஒவ்வொரு மேடும் பள்ளமும் அவர்கள் தலையில் போய் முடிகிறது. குழந்தைகள் பின்னால் இருக்கும்போது கம்ஃபர்ட் மோடு, ஏசிக் காற்று பின்னால் போகிறதா என்ற சோதனை, தூரப் பயணத்தில் அடிக்கடி நிறுத்தம். நிறுத்தி இறங்கினால் குழந்தையையும் தூக்கிக்கொண்டே போங்கள். மூடிய கார் பத்து நிமிடத்தில் சுமார் 10 டிகிரி சூடேறிவிடும். பெரியவர்களைவிடக் குழந்தையின் உடம்பு பல மடங்கு வேகமாகக் கொதிக்கும்.

"அப்பா, இன்னொரு தடவை வேகமா!" என்று அவர்கள் கேட்பார்கள். என் மகள் வாரத்துக்கு ஒரு தடவையாவது கேட்கிறாள். தூங்கும் குழந்தையின் கழுத்து ஒரு வளைவில் எப்படிச் சாய்கிறது என்பதைக் கண்ணாடியில் ஒரே ஒரு தடவை பார்த்த பிறகு, நான் குழந்தைகளோடு அப்படி ஓட்டியதில்லை. அந்த ஓட்டம் நான் தனியாகப் போகும் அதிகாலைகளுக்கு.

வீட்டில் ஒரே கார்தான், இரண்டு குழந்தைகளும் நாலு வயதுக்குள் என்றால், இரண்டு கதவு கூபே வேண்டாம் என்றுதான் சொல்வேன். ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜிடிஐ, ஹோண்டா சிவிக் டைப் ஆர், பிஎம்டபிள்யூ எம்3 என்று நாலு கதவோடு மனதுக்குப் பிடித்தபடி ஓட்டக்கூடிய கார்கள் இருக்கின்றன. எங்கள் கூபேயிலும் நாங்கள் நால்வராகப் போவதில்லை. மகனின் பின்னோக்கிய சீட்டை வைத்தால் முன்னால் மனைவிக்கு முட்டி வைக்க இடமில்லை. அதனால் நால்வர் என்றால் வீட்டிலுள்ள இன்னொரு கார்தான்.

என் சீட்டின் தண்டவாளத்தில் வெள்ளை டேப் ஒன்று ஒட்டியிருக்கிறேன். சீட் அந்த டேப்பில் நிற்கும்போது ஸ்டியரிங்கிலிருந்து 25 செ.மீ. எனக்கும் கிடைக்கிறது, பின்னால் மகளின் பாதமும் இடிக்காமல் தொங்குகிறது. பிறந்தநாளுக்குப் பிறந்தநாள் அவளை உட்கார வைத்து அளக்கிறேன். இந்த முறை அவள் கட்டைவிரலுக்கும் என் சீட்டின் முதுகுக்கும் நடுவே என் உள்ளங்கை தட்டையாக நுழைந்தது. அது நுழையாத வருடம் இந்தக் காரை விற்றுவிடுவதென்று முடிவு செய்திருக்கிறோம்.