50 வயதில் ஒற்றைச் சம்பளத்தில் வீட்டுக் கடன்: எதில் தொடங்குவது?

வங்கிக்குப் போக முதல் ஓய்வுபெறும் திகதியை ஒரு தாளில் எழுதுங்கள். 60 இல் ஓய்வென்றால் 50 வயதுக்காரருக்கு மிஞ்சுவது 120 தவணை. துணைக்கு இன்னொரு சம்பளம் இல்லாத இடத்தில் கடன்தொகையைத் தீர்மானிப்பது அந்த எண்தான்.

30 இலட்சம், 12 வீத வட்டி, 10 வருடம்: மாதம் ஏறத்தாழ 43,000 ரூபாய். அதே கடனை 20 வருடத்துக்கு எடுக்கும் இளையவர் கட்டுவது 33,000. அவருடைய தவணையைக் கேட்டு வந்து கணக்குப் போடாதீர்கள். மாறும் வட்டி என்றால் 16 வீதத்துக்கும் போட்டுப் பாருங்கள், 50,000 தாண்டும். மிகைப்படுத்தலில்லை, 2022 இல் இலங்கையில் முதன்மைக் கடன் வட்டியே, அதாவது வங்கிகள் தங்கள் சிறந்த வாடிக்கையாளரிடம் வாங்கும் வட்டியே, 20 வீதத்துக்கு மேல் போனது. இடர்கடன் (அரச ஊழியர் சம்பளத்தில் எடுக்கும் கடன்), லீசிங் எல்லாம் வெட்டுப்பட்டுக் கைக்கு வரும் சம்பளத்தின் 40 வீதத்துக்குள் அந்தக் கூடின தவணை நிற்கவேண்டும். நிற்காவிட்டால் கடனைக் குறையுங்கள்.

அடுத்தது கிரிப் (CRIB) அறிக்கை, கொடுகடன் தகவல் பணியகம் வைத்திருக்கும் உங்கள் கடன் வரலாறு. கூட வேலை செய்தவருக்கு எப்போதோ வைத்த பிணைக் கையெழுத்தும் அதில் இருக்கும். அவர் தவணை தவறியிருந்தால் சிக்கல் உங்களுக்குத்தான்.

காணிப் பத்திரங்களில்தான் காலம் போகும்; போகும் ஒவ்வொரு மாதமும் உங்கள் 120 இல் ஒன்று. அதனால் விண்ணப்பிக்க முதலே உறுதி, நில அளவைப் படம், காணிப் பதிவகத்திலிருந்து வில்லங்கம் பார்க்கும் பதிவுப் பிரதிகள், உள்ளூராட்சி சபையின் வீதிக்கோட்டுச் சான்றிதழ் எல்லாவற்றையும் சேர்த்துவிடுங்கள். எங்கள் பக்கம் அடிக்கடி இடிக்கும் இடங்கள் இரண்டு. ஒன்று, சீதனமாக எழுதிய வீட்டில் தாய் தகப்பன் வைத்திருக்கும் சீவிய உரித்து, அதாவது சாகும்வரை அனுபவிக்கும் உரிமை. அவர்களும் வந்து கையெழுத்திடாமல் வங்கி ஈடு பிடிக்காது, வயதானவர்கள், தள்ளிப்போடாதீர்கள். மற்றது பேர்மிட் காணி, அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணி. பிரதேச செயலாளரின் அனுமதி இல்லாமல் அதை ஈடு வைக்க முடியாது, அனுமதி இருந்தாலும் எல்லா வங்கியும் எடுக்காது. முதலில் உறுதி எழுதும் நொத்தாரிசிடம் காட்டுங்கள். மதிப்பீட்டுக் கட்டணம் கட்டுவது அதற்குப் பிறகு.

நீங்கள் இறந்தால் மிச்சக் கடனைக் கட்டும் கடன் காப்புறுதிக்கு இந்த வயதில் மருத்துவப் பரிசோதனை கேட்பார்கள். சீனி, பிறஷர் இருந்தால் கட்டணம் கூடும். மறைத்தால் பின்னர் இழப்பீடு மறுக்கப்படலாம், கடன் பிள்ளைகள் தலையில் விழும்.

கட்டுவதற்கான கடன் ஒரேயடியாக வராது. அத்திவாரம், லிண்டல், கூரை என்று வேலை முடிய முடிய, மதிப்பீட்டாளர் பார்த்த பிறகே அடுத்த பகுதி கிடைக்கும். ஆகவே அத்திவாரத்துக்கான காசு உங்கள் கையில் இருக்கவேண்டும். மார்கழி மழையில் வெட்டிய கிடங்கு நிரம்பிக் கிடந்தால் வேலை நகராது, கடனின் பகுதியும் வராது. மாசியில் அத்திவாரம் வெட்டும்படி நாளை வைத்து, பத்திர வேலையை ஆவணியிலேயே தொடங்குங்கள்.