ஸ்கொயர் ரூட் இல்லாத மைன்கிராஃப்ட் ஸ்கோர்போர்டில் ஸ்கொயர் ரூட் எடுப்பது எப்படி?

ஒகேனக்கல்லை மைன்கிராஃப்டில் கட்டுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பாறை, அருவி, பரிசல் எல்லாம் ரெடி. அங்கே முதலைகள் மறுவாழ்வு மையம் இருப்பது தர்மபுரிக்காரர்களுக்குத் தெரியும்; அதனால் ஆற்றில் ஒரு முதலையும் வேண்டும். (மைன்கிராஃப்டில் முதலை கிடையாது, ஏதாவது ஒரு மாபுக்கு, அதாவது விளையாட்டில் நடமாடும் உயிரினத்துக்கு, வேஷம் கட்டிவிடுங்கள்.) பரிசல் 50 பிளாக்குக்குள் வந்தால் முதலை துரத்த வேண்டும். தூரம் எவ்வளவு என்று திரையிலும் தெரிய வேண்டும்.

தூரத்துக்குப் பிதாகரஸ் தேற்றம், அதற்கு வர்க்கமூலம், அதாவது ஸ்கொயர் ரூட். ஆனால் விளையாட்டுக்குள் எண்களைச் சேமித்துக் கணக்குப் போடும் ஸ்கோர்போர்டுக்குத் தெரிந்தது கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல், மீதி, பெரியது சிறியது எடுப்பது, நகலெடுப்பது, இடம் மாற்றுவது. அவ்வளவுதான். தசமமும் கிடையாது, 7-ஐ 2-ஆல் வகுத்தால் 3.

படி 1: ரூட் உண்மையிலேயே வேண்டுமா?

துரத்துவதற்கு வேண்டாம். பரிசலுக்கும் முதலைக்கும் எக்ஸ் (கிழக்கு-மேற்கு) வித்தியாசம் 70, இஸட் (வடக்கு-தெற்கு) வித்தியாசம் 40 என்றால்:

எண் = 70×70 + 40×40 = 6500

50-இன் வர்க்கம் 2500. 6500 அதைவிடப் பெரியது, எனவே முதலை சும்மா கிடக்கட்டும். வர்க்கத்தை வர்க்கத்தோடு ஒப்பிட்டாலே வேலை முடிந்தது. விளையாட்டுகளில் ரூட் தேடுகிறவர்களில் பாதிப் பேர் இங்கேயே கிளம்பிவிடலாம் என்பது என் கருத்து. திரையில் தூரத்தைக் காட்ட வேண்டியவர்கள் மட்டும் மேலே வாருங்கள்.

படி 2: முதல் ஊகம்

பள்ளியில் படித்த நீள் வகுத்தல் முறையை இங்கே எழுதலாம், ஆனால் பக்கம் பக்கமாகப் போகும். ஹெரான் முறை சுலபம். ஒன்பதாம் வகுப்பில் முக்கோணப் பரப்பளவுக்கு வருவாரே, அதே ஹெரான்தான். ஊகம் உண்மையான ரூட்டை விடப் பெரிதாக இருந்தால், எண்ணை அதனால் வகுத்து வரும் ஈவு ரூட்டை விடச் சிறிதாக இருக்கும். விடை இரண்டுக்கும் நடுவில். அதனால் இரண்டின் சராசரியை அடுத்த ஊகமாக வைத்துக்கொள்கிறோம்.

பலரும் எண்ணில் பாதியை முதல் ஊகமாக வைப்பார்கள். 6500-க்கு அது 3250; கீழே இறங்கி வரவே நேரமாகும். நம்மிடம்தான் இரண்டு வித்தியாசங்களும் கையில் இருக்கின்றனவே, அவற்றைக் கூட்டிவிடுங்கள்: 70 + 40 = 110. இந்தக் கூட்டுத்தொகை எப்போதும் ரூட்டுக்குச் சமமாகவோ பெரிதாகவோ இருக்கும். அதேசமயம் ஒன்றரை மடங்கைத் தாண்டாது. வித்தியாசம் மைனஸில் வந்தால் முதலில் -1-ஆல் பெருக்கிவிடுங்கள்.

படி 3: ஐந்து வரி

'÷=' என்றால் இடப்பக்கத்தை வலப்பக்கத்தால் வகுத்து, விடையை இடப்பக்கத்திலேயே வைப்பது. '+=' கூட்டலுக்கு அதேபோல்.

புது = எண்
புது ÷= ஊகம்
புது += ஊகம்
புது ÷= இரண்டு
ஊகம் < புது

ஸ்கோர்போர்டில் பெருக்கலும் வகுத்தலும் இரண்டு ஸ்கோர்களுக்கு நடுவில்தான் நடக்கும். அதனால் 'இரண்டு' என்ற பெயரில் ஒரு ஸ்கோரை உருவாக்கி, அதில் 2 என்று முன்கூட்டியே போட்டு வையுங்கள்.

கடைசி வரி ஒப்பீடு அல்ல. இரண்டில் சிறியதை இடப்பக்கம் வைக்கும் கட்டளை அது. இதை விட்டுவிட்டால் என்ன ஆகும் என்று பாருங்கள்: வித்தியாசம் 2, 2 என்றால் எண் 8. ஊகம் 4, 3, 2 என்று சரியாக இறங்கும். அப்புறம் 8÷2 = 4, (2+4)÷2 = 3 என்று மறுபடி ஏறும். 2, 3, 2, 3 என்று இப்படியே ஊசலாடிக்கொண்டிருக்கும். சிறியதை மட்டும் ஏற்றால் 2-இல் நின்றுவிடும்.

இந்த ஐந்து வரியையும் டேட்டாபேக்கில் (நம் கட்டளைகளை விளையாட்டில் சேர்க்கும் கோப்புத் தொகுப்பு) ஒரு ஃபங்ஷனாக (கட்டளைகளின் பட்டியல்) வைத்து, நான்கு முறை அழையுங்கள். நம் 6500-க்கு:

110 → (110+59)÷2 = 84
84 → (84+77)÷2 = 80
80 → (80+81)÷2 = 80

உண்மை விடை 80.62, நமக்கு 80. லூப் எதுவும் தேவையில்லை. ஸ்கோரில் அடங்கும் எந்தத் தூரத்துக்கும் நான்கு முறை போதும். உயர வித்தியாசத்தையும் சேர்த்தால் ஐந்து முறை அழையுங்கள்.

படி 4: தசமம் வேண்டுமென்றால்

எண்ணை 100-ஆல், முதல் ஊகத்தை 10-ஆல் பெருக்குங்கள். 650000-க்கு 1100-இல் தொடங்கினால் 845, 807, 806. கடைசி இலக்கத்துக்கு முன் புள்ளி வைத்துக் காட்டினால் 80.6.

இரண்டு இடத்தில் மாட்டிக்கொள்வீர்கள்

முதலையும் பரிசலும் ஒரே இடத்தில் நின்றால் ஊகம் 0, அதனால் வகுக்க முடியாது. எண் 0 என்றால் ஃபங்ஷனையே அழைக்காதீர்கள்.

அடுத்தது எல்லை. ஸ்கோர் 2147483647-ஐத் தாண்டினால் எச்சரிக்கை எதுவும் வராது, சத்தமில்லாமல் மைனஸுக்குப் போய்விடும். 46340-இன் வர்க்கம் 2147395600, உள்ளே அடங்கும். 46341-இன் வர்க்கம் அடங்காது. அதாவது 46340 பிளாக் வரை கணக்கு சரியாக வரும். 100-ஆல் பெருக்கினால் அந்த எல்லை பத்தில் ஒரு பங்காக, 4634 பிளாக்காகக் குறையும். ஆற்றில் முதலை துரத்துவதற்கு அதுவே தாராளம்.